குறை சொல்லும் தொலைவு

கோயம்புத்தூரிலிருந்து சத்தியமங்கலத்துக்குச் செல்லும் சாலையும் அவிநாசியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குச் செல்லும் சாலையும் குறுக்கிடும் இடத்தில் அமைந்துள்ள அன்னூர், கிணற்றையும் மழையையும் நம்பி வெள்ளாமை செய்துவந்த கொங்கு மேட்டுநிலத்தின் ஊர்களுள் ஒன்று. மன்னீசுவரர் கோயிலைக் கொண்ட இவ்வூரிலும் இதைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும், கோயில் நோன்பி, கல்யாணம், இழவு ஆகிய மூன்றும் இசைக்கருவியின்றி நடந்ததில்லை. ஆகவே கருவியைச் செய்பவர் யார், அவரை எதைப் பார்த்துத் தேர்வது, கையில் உள்ள பணத்துக்கு எது கிடைக்கும் என்னும் கேள்விகளும் இங்கே புதியவை அல்ல. இன்று உகுலேலே என்னும் நான்கு தந்திச் சிறு கருவியைத் தன் கைக்கு ஏற்றபடி செய்வித்துக்கொள்ள விரும்பும் இளைஞர் கேட்கும் கேள்வியும், ஒரு தலைமுறைக்கு முன் மகளுக்கு வீணை செய்யக் கொடுத்தவர் கேட்ட கேள்வியும், அதற்கும் முன் ஊர்க்கோயிலுக்குப் பறை கட்டச் சொன்னவர்கள் கேட்ட கேள்வியும் அடிப்படையில் ஒன்றே. ஆனால் அவற்றுக்குக் கிடைத்த விடைகள் வேறு வேறு. அந்த வேற்றுமைக்கான காரணம் கொங்கு நாட்டின் தொழில் வரலாற்றில் இருக்கிறது.

இந்த வட்டாரத்தில் தச்சுத் திறன் குறைவாக இருந்ததென்று யாரும் சொல்ல முடியாது. அவிநாசிக் கோயிலின் பெருந்தேர் ஒன்றே அதற்குப் போதிய சான்று. தேருக்கு அப்பால், ஆசாரி என்று மதிப்புடன் அழைக்கப்பட்ட தச்சரின் அன்றாட வேலை கவலையைச் சுற்றியே நடந்தது. கவலை என்பது மாடுகளைச் சரிவில் இறக்கி ஓட்டிக் கிணற்றுநீரை மேலே இழுக்கும் இறைவை. அதன் மரச்சட்டமும், வடம் ஓடும் உருளையும் தச்சர் செய்தவை. கருவேல மரத்தில் ஏரும் வண்டிச் சக்கரமும், நெசவாளர் குடியிருப்புகளில் தறியும், எண்ணெய் ஆட்டுவோர்க்குச் செக்கும் என அவருக்கு ஆண்டு முழுவதும் வேலை இருந்தது. கூலியும் பெரும்பாலும் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே பேசப்படவில்லை; அறுவடையின்போது களத்திலேயே தானியமாக அளந்து கொடுக்கப்பட்டது. இந்த ஏற்பாட்டில் குடியானவர் வாங்கியது ஏரையோ உருளையையோ மட்டுமல்ல. ஏர் உடைந்தால் வந்து நிற்கும் கையையும் சேர்த்தே அவர் வாங்கினார் என்பது, பின்னால் வரும் வாதத்துக்கு வேண்டிய செய்தி.

கவலைக்கு மற்றொரு தொழிலாளரும் தேவைப்பட்டார். நீரை அள்ளும் பாத்திரத்துக்குச் சால் என்று பெயர். அதன் அடியில் யானைத் துதிக்கை போலத் தொங்கி, மேலே வந்ததும் நீரைத் தொட்டியில் கொட்டும் தோற்குழாய்க்குத் தும்பி என்று பெயர். தும்பியைத் தைத்துக் கொடுத்தவர்கள், ஊருக்கு வெளியே குடியமர்த்தப்பட்ட தோல்தொழிலாளர்கள். தோலைப் பதப்படுத்தவும், அளந்து வெட்டவும், ஈரம் பட்டாலும் பிரியாதபடி இணைக்கவும் அறிந்திருந்த அதே மக்களே கொங்கின் தோற்கருவிகளையும் செய்தனர், வாசிக்கவும் செய்தனர். பறையும் உருமியும் துடும்பும் இம்மண்ணில் செழித்ததற்கு, தெய்வ வழிபாட்டு முறை எவ்வளவு காரணமோ அவ்வளவு காரணம் கிணற்றுப் பாசனமும் ஆகும் எனக் கருத இடமுண்டு. செய்தவர்க்கும் வாசித்தவர்க்கும் அதற்கேற்ற மதிப்பு கிடைக்கவில்லை என்பதையும் இங்கே மறைப்பதற்கில்லை. அந்தக் கருவி இன்றி நோன்பி தொடங்காது, அதைச் செய்தவர் கோயிலுக்குள் நுழைய முடியாது என்ற நிலையே நெடுங்காலம் நீடித்தது.

பறையின் அமைப்பை நெருங்கிப் பார்த்தால், குறைந்த செலவில் கருவி செய்யும் கலையின் நுட்பம் புலப்படும். ஒரே மரத்தை வட்டமாகக் குடைந்தால் மரமும் வீணாகும், நாரோட்டத்துக்குக் குறுக்கே வெட்டுப்படும் இடங்களில் விரைவில் பிளக்கவும் செய்யும் என்பதால், சட்டத்தை மூன்று வளைவுத் துண்டுகளாகச் செய்து, இணையும் இடங்களில் உலோகத் தகட்டை வைத்து இறுக்குவது வழக்கம். தோலை ஒட்டுவதற்குப் புளியங்கொட்டையை அரைத்துக் காய்ச்சிய பசை. சுருதி ஏற்றுவதற்குத் திருகாணி எதுவும் கிடையாது; வைக்கோலைக் கொளுத்தி, அந்த அனலில் காட்டினால் தோல் இறுகிக் குரல் ஏறும். வலக்கையின் குட்டையான அடிக்குச்சியும் இடக்கையின் மெல்லிய சிண்டுக்குச்சியும் சேர்ந்தால் கருவி முழுமை பெறும். இவற்றுள் ஊருக்கு வெளியிலிருந்து விலைகொடுத்து வாங்க வேண்டியது ஏறத்தாழ எதுவுமில்லை. தோல் தளர்ந்தால், செய்தவரே வாசிப்பவராகவும் இருப்பதால், அன்றே சரிசெய்யப்படும். செய்பவருக்கும் வாசிப்பவருக்கும் இடையிலான தொலைவு இங்கே சுழியம்.

தந்திக் கருவியையோ நாதசுரத்தையோ விரும்பியவரின் நிலை வேறு. அவர் காவிரிப் படுகையை நோக்கியே போக வேண்டியிருந்தது.

இன்று தஞ்சாவூர் வீணை என அறியப்படும் கருவியின் வடிவம், தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கரின் காலத்தோடு, அதாவது 17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியோடு இணைத்துச் சொல்லப்படுகிறது. அவருடைய அமைச்சர் கோவிந்த தீட்சிதரும் அவர் மகன் வேங்கடமகியும் இசையிலக்கணம் வகுத்தவர்கள். அதுவரை இராகத்துக்கு ஏற்ப நகர்த்தப்பட்ட மெட்டுகள், ஒரு தாயிக்கு 12 வீதம் இரண்டு தாயிக்கு 24 என நிலைபெற்றது இக்காலத்தில் என்பது இசை வரலாற்றாசிரியர்களிடையே வழங்கும் கருத்து. மெட்டு என்பது தந்தியை அழுத்துமிடத்தில் குறுக்கே பதிக்கப்படும் உலோகக் கம்பி. தாயி என்பது ஒரு சட்சத்திலிருந்து அடுத்த சட்சம் வரையிலான அளவு. அரசவையில் இலக்கணம் எழுதியவரும், அதை வாசித்துக் காட்டியவரும், மரத்தைக் குடைந்தவரும் ஒரே நகரத்தில் வாழ்ந்தனர் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

வீணைக்கு உரிய மரம் பலா. பண்ணுருட்டிப் பக்கத்துப் பலாவுக்குத் தஞ்சைப் பட்டறைகளில் தனி மதிப்பு உண்டு. அம்மரத்திலிருந்து இரண்டு வழியில் வீணை செய்யலாம். உருண்டையான ஒலிப்பெட்டியாகிய குடமும், மெட்டுகள் அமரும் நீண்ட கழுத்தாகிய தண்டியும் ஒரே மரத்தில் குடையப்பட்டால் அது ஏகாந்த வீணை. தனித்தனியே செய்து பின்னர் இணைக்கப்பட்டால் அது ஒட்டு வீணை. முன்னதன் விலை பல மடங்கு உயர்வதற்குக் கைவேலையைக் காட்டிலும் மரமே காரணம். குடத்தின் அகலம் உள்ள மரம் வீணையின் நீளம் முழுவதற்கும் வேண்டும். அதில் தண்டி வரும் பகுதியில், தேவைப்படும் குறுகிய அளவைத் தவிர மற்றவை அனைத்தும் சிம்பாகவும் செதுக்கலாகவும் கீழே விழும். ஏகாந்த வீணை வாங்குபவர், தம் வீட்டுக்கு வராத மரத்துக்கும் சேர்த்தே விலை கொடுக்கிறார். இடையில் முடிச்சோ, உள்வெடிப்போ, பொந்தோ இருந்தால் அதுவரை செய்த வேலையும் போயிற்று. அந்த ஆபத்தும் விலையில் அடங்கும். ஒட்டு வீணையில் அப்படியில்லை: குடத்துக்கு ஒரு நல்ல துண்டு, தண்டிக்கு மற்றொன்று, யாளி முகத்துக்கு இன்னொன்று எனக் குறையுள்ள மரத்திலும் குறையற்ற பகுதிகளைத் தேர்ந்துகொள்ள இயலும்.

ஏகாந்த வீணையே நாதம் மிக்கது என்பது வீணைக்காரர்களின் உறுதியான நம்பிக்கை. இணைப்புச் சரியாக அமைந்த ஒட்டு வீணைக்கும் அதற்கும் உள்ள ஒலி வேறுபாட்டைவிட, சபையில் அவற்றுக்குக் கிடைக்கும் மதிப்பின் வேறுபாடு பெரிது என்று சொல்வதே நியாயமாகத் தோன்றுகிறது. எப்படியாயினும், எளிய குடும்பத்து மாணவருக்காக வீணை செய்யக் கொடுத்தவர்களின் தேர்வு பெரும்பாலும் ஒட்டு வீணையாகவே இருந்திருக்கிறது. செலவைக் குறைக்க வேறு வழிகளும் இருந்தன. முற்காலத்தில் யானைத் தந்தத்தில் இழைக்கப்பட்ட பூவேலைகள் பின்னர் பிளாஸ்டிக் தகட்டுக்கு மாறின. தண்டியின் மறுமுனையைத் தாங்கும் சுரைக்குடுக்கைக்குப் பதிலாகக் காகிதக்கூழிலும் ஃபைபரிலும் செய்த குடுக்கைகள் வந்தன. குடுக்கை பெரும்பாலும் கருவியைத் தொடையில் நிறுத்துவதற்கே உதவுவது; ஆகையால் இந்தச் சிக்கனங்கள் ஒலியைப் பெரிதும் பாதிக்கவில்லை.

ஆனால் விலை பேசி முடிப்பதோடு வீணையின் செலவு முடிவதில்லை. மெட்டுகள் நேராக மரத்தில் அறையப்படுவதில்லை. தேன்மெழுகைக் கரித்தூளோடு உருக்கிச் சேர்த்து, தண்டியின் இருபுறமும் கரிய வரம்பு போல வார்த்து, அது இளகிய நிலையில் இருக்கும்போதே ஒவ்வொரு மெட்டாக வைத்து, தந்தியை மீட்டிக் காதால் கேட்டு, முடியிழை அளவுக்கு முன்னும் பின்னும் தள்ளி நிறுத்துவர். இதற்கு மேளம் கட்டுதல் என்று பெயர். வெயில் காலத்தில் மெழுகு இளகும். விரல் அழுந்தி அழுந்தி மெட்டு தேயும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மேளத்தைப் பிரித்துக் கட்டியே ஆக வேண்டும். மரத்தைக் குடையும் கையும் மேளம் கட்டும் காதும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும் என்பதில்லை. நல்ல தச்சர் பலர் இருக்கும் ஊரில் மேளம் கட்டத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லாமல் போகலாம். தஞ்சையில் வாங்கிய வீணை, சாலை வழியே 250 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள அன்னூரில் ஒரு கோடையைக் கழித்தபின் பிசகிப் பேசத் தொடங்கினால், அதைத் துணியில் சுற்றி மீண்டும் கீழ்த்திசைக்கு எடுத்துச் செல்லும் செலவை யாரும் முதலில் கணக்கில் எழுதியிருக்கமாட்டார்கள். களத்தில் தானியம் அளந்து ஆசாரியின் உழைப்பை ஆண்டு முழுவதற்கும் உறுதிசெய்துகொண்ட குடியானவர், கருவி வாங்கும்போது மட்டும் அந்தக் கணக்கைக் கைவிட வேண்டியிருந்தது.

தனக்கென்று கருவி செய்வித்துக்கொண்ட வரலாற்றில் தமிழகத்தின் மிகப் புகழ்பெற்ற நிகழ்ச்சி வீணையைப் பற்றியது அன்று, நாதசுரத்தைப் பற்றியது. திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) தொடக்கத்தில் கையாண்ட நாதசுரம் திமிரி என்னும் வகை. அது குட்டையானது, சுருதி உயர்ந்தது, தெருவில் நெடுந்தொலைவு கேட்பது. அதில் சுத்த மத்திமம், அதாவது இரு மத்திமங்களுள் தாழ்ந்தது, துளையிலிருந்து நேராகத் தூய்மையாக எழாது. மூச்சாலும் உதட்டாலும் அதைச் சரிக்கட்ட வேண்டும். தாழ்ந்த சுருதியில், குரலிசையின் கனத்தோடு, மத்திமம் பிசகாமல் பேசும் நீண்ட கருவி ஒன்று அவருக்குத் தேவைப்பட்டது. அதைச் செய்து கொடுத்தவர் நரசிங்கன்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. துளைகளின் இடைவெளியையும் உட்குழலின் விரிவையும் மாற்றி மாற்றிப் பார்த்து அவர் உருவாக்கிய பாரி நாதசுரமே இன்று கச்சேரி மேடைகளில் பரவலாக வழங்குவது. ஒலிபெருக்கி வந்துவிட்ட காலத்தில் கருவி தெருவை எட்டக் கத்த வேண்டிய கட்டாயம் தளர்ந்திருந்தது என்பதும் இம்மாற்றத்துக்கு இடம் கொடுத்திருக்கும்.

நரசிங்கன்பேட்டைக் கருவியின் மரம் ஆச்சா. புதிதாக வெட்டிய ஆச்சா பயன்படாது. அது காயும்போது முறுக்கிக்கொள்ளும், வெடிக்கும். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் தூண்களையும் உத்திரங்களையும், பல பத்தாண்டுகள் கூரையின் கீழ் உலர்ந்தவை என்பதால், ஆசாரிகள் தேடி வாங்குவர். அதை நீண்ட துண்டாக்கிக் கடைசலில் ஏற்றி உருட்டி, இரும்புத் துரப்பணங்களால் உள்ளே துளையிட்டால் உலவு கிடைக்கும். உலவு என்பது நாதசுரத்தின் உடல். அதன் கீழ்வாயில் பொருத்தும் விரிந்த பகுதிக்கு அணசு என்று பெயர். மேலே செருகும் நாணற் சீவாளி தனிக் கைத்தொழில். இங்கேயும் விலையின் வேர் மரத்தில்தான் இருக்கிறது. பழைய வீடு ஒன்று இடிந்தால்தான் புதிய நாதசுரம் ஒன்று பிறக்கும்.

ஆனால் ரங்கநாதன் ஆசாரியின் வெற்றிக்கு ஆச்சா மரம் மட்டும் காரணம் ஆகாது. திருவாவடுதுறைக்கும் நரசிங்கன்பேட்டைக்கும் இடையிலான தொலைவு சில கிலோமீட்டர் மட்டுமே. வாசித்துப் பார்த்து, இந்தத் துளை சற்று மேலே இருக்க வேண்டும் என்று சொல்லி, மறுபடி வந்து வாசித்துப் பார்க்கக் கூடிய தொலைவு அது. காலணா அரையணாவாகக் கணக்குப் பார்த்து வாங்குபவராக இராஜரத்தினத்தை யாரும் நினைவுகூர்வதில்லை என்றாலும், அவருக்குக் கிடைத்த அந்த அண்மை, பணத்தால் மட்டும் வாங்கக்கூடியதாக இருக்கவில்லை.

வேற்றூர்களின் வரலாறும் இதையே காட்டுகிறது. மராட்டிய நாட்டு மிரஜ் நகரில் தம்பூரா, சிதார் தொழில் 19-ஆம் நூற்றாண்டில் வேரூன்றியபோது அதில் இறங்கியவர்கள் ஆயுதங்களைச் சாணை பிடித்துவந்த குடும்பத்தினர். பட்டவர்த்தன் அரசர்களின் ஆதரவால் பாடகர்கள் அங்கே வந்து தங்கியது அத்தொழிலைக் கூர்மையாக்கியது. பாடகர் அப்துல் கரீம் கான் நெடுங்காலம் வாழ்ந்ததும் அவ்வூரில்தான். உகுலேலேயின் பிறப்பும் இதே போன்றது. 1879-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள் ஹொனலூலுத் துறைமுகத்தை அடைந்த ரேவன்ஸ்கிராக் என்னும் கப்பலில், கரும்புத் தோட்ட வேலைக்காக மதீராத் தீவிலிருந்து குடிபெயர்ந்த போர்த்துக்கீசியர் வந்திறங்கினர். அவர்களுள் மனுவேல் நூனெஸ், அகுஸ்டோ டியாஸ், ஜொசே டோ எஸ்பிரிட்டோ சாண்டோ ஆகிய மூவர் மரச்சாமான் செய்யும் தச்சர்கள். தோட்ட ஒப்பந்தம் முடிந்தபின் அவர்கள் தங்கள் ஊர்ச் சிறு கிட்டாரை ஹவாய்த் தீவின் கோவா மரத்தில் செய்து விற்கத் தொடங்கினர். அதே கப்பலில் அக்கருவியை வாசிப்பதில் தேர்ந்த ஜோவோ பெர்னாண்டஸ் என்பவரும் வந்திருந்தார் என்பதே இக்கதையில் பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போகும் செய்தி. தச்சரும் வாசிப்பவரும் ஒரே கப்பலில் இறங்கிய தீவில், கலாகௌவா மன்னரின் விருப்பமும் சேர்ந்துகொள்ள, சில ஆண்டுகளில் ஒரு புதிய கருவி நாட்டின் அடையாளமாயிற்று. தெள்ளுப்பூச்சி துள்ளுவது போல விரல் ஓடுவதால் உகுலேலே என்னும் பெயர் வந்தது என்பர். கோவா மரம், கொங்குக்காரர் ஏருக்கும் வண்டிக்கும் வெட்டிய கருவேலத்தோடு நெடுங்காலம் ஒரே பேரினத்தில் வைத்து எண்ணப்பட்ட மரம். ஆயினும் கொங்கு நாட்டு ஆசாரியிடம் வேல மரத்தில் நான்கு தந்தி கட்டித் தரும்படி கேட்டவர் எவரும் இருந்ததாகத் தெரியவில்லை.

கேட்டிருந்தால் அவரால் முடிந்திருக்கும் என்பதற்குப் பிற்கால வரலாறு சான்று. 1888-இல் கோயம்புத்தூரில் முதல் நூற்பாலை நிறுவப்பட்டதிலிருந்து ஆலைகள் பெருகின, 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் கவலை இருந்த கிணறுகளில் பம்பு ஏறியது, 1937-இல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டார் செய்து காட்டினர். வடத்து உருளைக்கும் தோல் தும்பிக்கும் வேலை குறைந்தது. தோல்தொழிலாளரிடம் பறை மட்டும் மிஞ்ச, தச்சரின் கை வார்ப்படச் சாலைகளுக்குப் பயன்பட்டது. பம்பின் உடலை இரும்பில் வார்ப்பதற்கு முன் அதே வடிவத்தை மரத்தில் செய்ய வேண்டும். தொழிலாளர் பேச்சில் அதற்குப் பேட்டர்ன் என்று பெயர். உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும் என்பதால், அடிக்கு ஏறத்தாழ எட்டில் ஒரு அங்குலம் கூடுதலாக வைத்து மரத்தை இழைப்பர். கண்ணுக்குத் தெரியாத சுருக்கத்தை முன்கூட்டியே கணித்து இழைக்கத் தெரிந்த கை, இசைக்கருவிக்கும் தகுந்த கையே. அந்தக் கைக்கு வந்த வேண்டுகோள் பம்புக்கானதாக இருந்தது. குறை சொல்லித் திருப்பி அனுப்பியவர்கள் இயந்திரக்காரர்களாக இருந்தார்கள்.

அண்மைக் காலத்தில் கருவி செய்யும் ஊர்களுக்குச் சட்டம் ஓர் அடையாளம் தந்திருக்கிறது. ஒரு பொருளின் தன்மை அது விளையும் அல்லது செய்யப்படும் இடத்தைச் சார்ந்தது என்று அரசு பதிவுசெய்து அளிக்கும் புவிசார் குறியீடு, 2013-இல் தஞ்சாவூர் வீணைக்கும், 2022-இல் நரசிங்கன்பேட்டை நாதசுரத்துக்கும், 2023-இல் கடம் செய்யும் மானாமதுரையின் மட்பாண்டங்களுக்கும் கிடைத்தது. வாங்குபவருக்கு அது ஓரளவு உதவும், போலியை விலக்கும். ஆனால் அந்த ஊரின் எந்தப் பட்டறை, யாருடைய கை, வாங்கியபின் பிசகினால் யார் வருவார் என்பவற்றை அது சொல்லாது. இவற்றைப் பழைய வழக்கப்படி ஆசிரியரே சொல்கிறார். எந்தப் பட்டறையில் அச்சாரம் கொடுப்பது என்பதை மாணவரின் பெற்றோரைவிட அவர் வீணை ஆசிரியரே முடிவு செய்வது இன்றும் மாறவில்லை.

உகுலேலேக்கு அப்படிச் சொல்லும் ஆசிரியர் மரபு கொங்கு நாட்டில் இன்னும் உருவாகவில்லை. கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் ஆலையில் ப்ளைவுட்டால் செய்தவை. தனி மரப்பலகையில் கையால் செய்தது வேண்டுமானால் வெளியூர்ப் பட்டறைகளைத்தான் தேட வேண்டும். 2003-இல் ஆரோவில்லில் தொடங்கப்பட்டு, சுற்றுப்புறக் கிராம இளைஞர்களுக்குக் கருவி செய்யும் தொழிலைக் கற்பித்த ஸ்வரம் பட்டறை, அரசவையோ ஆதீனமோ இன்றியும் இத்தகைய தொழில் தமிழகத்தில் முளைக்க முடியும் என்று காட்டியது. அங்கும் பலநாட்டு இசைக்காரர்கள் நடந்துவரும் தொலைவில் குடியிருந்தார்கள். விலையைப் பொறுத்தவரை பழைய கணக்கே தொடர்கிறது: ப்ளைவுட்டுக்கும் தனிப்பலகைக்கும் உள்ள உறவு, ஒட்டு வீணைக்கும் ஏகாந்த வீணைக்கும் உள்ள உறவிலிருந்து வெகுவாக விலகியதன்று, பூவேலையைக் குறைத்தால் பணம் குறையும், ஒலி குறையாது.

ஒரு வகையில் மட்டும் இச்சிறு கருவி அன்னூர்க்காரருக்கு வீணையைவிட இணக்கமானது. இதன் மெட்டுகள் மரத்திலேயே அறையப்பட்டவை. கோடையில் இளகும் மெழுகு இதில் இல்லை. நைலான் தந்திகளின் இழுப்பும் குறைவு. தந்தி உயர்ந்து விரல் வலித்தால், அது ஏறிச் செல்லும் சிறு எலும்புப் பட்டையை அடிப்பக்கம் அரத்தால் சிறிது தேய்த்து மீண்டும் செருகினால் போதும். அரமும், அதைப் பிசகாமல் பிடிக்கும் கையும் சத்தியமங்கலம் சாலையின் இருபுறமும் உள்ள எந்தப் பேட்டர்ன் கடையிலும் உண்டு. அந்தக் கடைக்காரர் பட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு முதலில் கேட்கக்கூடியது, எவ்வளவு எடுக்கணுங்க என்பதுதான்.